இறம்பொடை இறக்கத்தில் ஓட்டோ கியரோடு

2020 ஜனவரியில் ஒரு சனிக்கிழமை. அம்மாவைப் பேராதனை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவரைப் பார்க்க நுவரெலியாவிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வாகனம் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்து சீட்டில் அப்பா. லபுக்கலையைத் தாண்டி இறம்பொடைப் பக்கம் வளைந்து வளைந்து இறங்கும்போது ஒரு நெடி வந்தது, வெறும் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மறந்துபோனால் வருமே, அப்படி. முன்னால் போகும் லொறியிலிருந்து வருகிறது என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றினேன். நெடி உள்ளேயே நின்றது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது பெடல் வழக்கத்தைவிட இரண்டு விரல் ஆழத்துக்குப் போனது.

அப்பா சத்தம் போடவில்லை. "தம்பி, கியர எறக்கு" என்றார்.

"இது ஓட்டோ கியர்ப்பா. அதுவா மாத்திக்கும்."

"அது மாத்தல. நீ மாத்து."

லீவரை டியிலிருந்து 2க்கு இழுத்தேன். எஞ்சின் இரைந்தது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்தது போல வாகனம் தணிந்தது. கொஞ்சம் அகலமான ஓரம் வந்ததும் நிறுத்தினோம். முன் சக்கரங்கள் இரண்டிலிருந்தும் மெல்லிய புகை. தண்ணீர்ப் போத்தலோடு இறங்கிய என் கையை அப்பா பிடித்துக்கொண்டார். சூடான இரும்பில் பச்சைத்தண்ணீர் பட்டால் டிஸ்க் கோணிவிடும் என்றார். அரை மணித்தியாலம் அப்படியே நின்றுவிட்டுத்தான் புறப்பட்டோம்.

அப்பா முப்பது வருசம் தேயிலைத் தொழிற்சாலை லொறி ஓட்டியவர். ஏறின கியரிலேயே இறங்கு என்பது அவர் வாய்ப்பாடு. மெனுவல் வாகனம் ஓட்டிய காலத்தில் நானும் அப்படித்தான் இறங்கினேன். ஓட்டோ கியர் கைக்கு வந்ததும் அதெல்லாம் லொறிக்காரர் பேச்சு என்று விட்டுவிட்டேன். வாகனத்தை விற்றவரும், "டீல போட்டாப் போதும் சேர், மிச்சத்த அது பாத்துக்கும்" என்றுதான் சொல்லிக் கொடுத்தார். மலையகத்தில் ஓட்டோ கியர் வைத்திருக்கிற பலரும் இன்றைக்கும் இந்த நினைப்பில்தான் இறங்குகிறார்கள். பின்னால் போகும்போது அவர்களுடைய சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கும்.

நான் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். அன்றிரவு வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கம்பளை கிட்டத்தட்ட 500 மீற்றர். ஆட்களோடு 1200 கிலோ வரும் ஒரு வாகனம் 1300 மீற்றர் கீழே இறங்கினால் ஒன்றரைக் கோடி ஜூல் சக்தி எங்கேயாவது போய்ச் சேர வேண்டும். 40 லீற்றர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். காற்றும் டயரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தை எஞ்சின் வாங்காவிட்டால் அவ்வளவும் பிரேக்கின் தலையில்தான். பெடல் ஆழத்துக்குப் போனதன் காரணமும் அதுதான். டொட் 3 பிரேக் ஒயில் புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏற ஏற அந்தக் கொதிநிலை 140 பாகைக்குக் கிட்ட வந்துவிடும். கொதித்தால் குழாயில் குமிழி, குமிழி இருந்தால் மிதிப்பது சக்கரத்துக்குப் போய்ச் சேராது. வருசத்தில் பாதி நாள் பனியிலும் மழையிலும் நிற்கிற நம் ஊர் வாகனங்களுக்கு இரண்டு வருசத்துக்கு ஒருமுறை பிரேக் ஒயில் மாற்றுவது ஆடம்பரமில்லை.

சரி, கியர் ஏன் தானாக இறங்கவில்லை? இதற்குப் பதில் தேடித்தான் நான் இந்தக் கியர் பெட்டியைப் பற்றியே படிக்கத் தொடங்கினேன்.

என்னுடையது ஜப்பானிலிருந்து வந்த பழைய கார். நான்கு கியர், கம்பியூட்டர் கட்டுப்படுத்தும் பெட்டி. உள்ளே பற்சக்கரத் தொகுதிகளும் கிளச் தட்டுகளும் இருக்கின்றன. எந்தத் தட்டு இறுகுகிறது, எது விடுபடுகிறது என்பதைப் பொறுத்துக் கியர் அமையும். இறுக்குவது ஒயிலின் அழுத்தம். இன்னும் பழைய ஓட்டோ பெட்டிகளில் அந்த ஒயில் போகும் வழியைச் சுழலும் கவர்னரும் ஸ்பிரிங் வால்வுகளும் தீர்மானித்தன. எலெக்ட்ரோனிக் பெட்டியில் அந்த வேலை கம்பியூட்டருக்கு. சொலனொயிட் என்கிற சின்ன மின்காந்த வால்வுகளுக்கு அது மின்சாரம் கொடுக்கும், நிறுத்தும், அவ்வளவுதான். என் பெட்டியில் கியர் மாற்றுவதற்கு இரண்டே இரண்டு சொலனொயிட். முதலாவதற்கு மட்டும் மின் இருந்தால் முதல் கியர். இரண்டுக்கும் இருந்தால் இரண்டாம் கியர். இரண்டாவதற்கு மட்டும் இருந்தால் மூன்றாம் கியர். இரண்டுக்குமே இல்லையென்றால் நான்காம் கியர். இந்தக் கடைசி வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அது என்னை நடுரோட்டில் நிறுத்தியது.

எப்போது எந்தக் கியர் என்று கம்பியூட்டர் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது? அக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, வாகனம் என்ன வேகத்தில் போகிறது. முக்கியமாக இந்த இரண்டும்தான். எஞ்சின் சூடு, பிரேக் மிதித்திருக்கிறதா என்பதையும் பார்க்கும். ஆனால் என் வாகனத்தில் சரிவைப் பார்க்க அதற்குக் கண் இல்லை. இறக்கம் வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? அக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கிறோம். வேகமோ நாற்பது, ஐம்பதிலேயே இருக்கிறது. கம்பியூட்டரின் கணக்கில் இது சமதரையில் சும்மா உருண்டு போகிற வாகனம். ஆகவே எண்ணெய் மிச்சம் பிடிக்க நான்காம் கியரைப் போட்டுவிடுகிறது. எஞ்சின் பிடித்து நிறுத்த வேண்டிய இடத்தில் பிடியை விட்டுவிடுகிறது! அது பழுதல்ல. அதற்குத் தெரிந்ததை வைத்து அது சரியாகத்தான் செய்கிறது. வளைவும் பனிமூட்டமும் நமக்குத்தான் தெரியும், நாம்தான் லீவரால் சொல்ல வேண்டும். சரிவை உணரும் வசதி புதிய வாகனங்கள் சிலவற்றில் இருக்கிறது. அவற்றுக்கும் அடுத்த வளைவு தெரியாது.

இப்போது நான் ஓட்டும் விதம் இதுதான். ஏற்றத்தில் மூன்றுக்கும் நான்குக்கும் இடையில் பெட்டி தடுமாறத் தொடங்கினால் லீவரிலிருக்கும் ஓவர்டிரைவ் பொத்தானை அழுத்தி நான்காம் கியரைத் தடுத்துவிடுவேன். அந்தத் தடுமாற்றத்தில், எஞ்சினையும் பெட்டியையும் ஒயிலால் இணைக்கிற டோர்க் கொன்வேட்டரின் பூட்டு விழுந்து விழுந்து எழும்பும். பூட்டு விழாத நேரத்தில் உள்ளே ஒயில் கடையப்படும், கடையக் கடையச் சூடாகும். இறக்கத்துக்கு லபுக்கலையில் நேரான இடத்திலேயே, வளைவு தொடங்கும் முன்பே, பிரேக்கால் வேகத்தைக் குறைத்து 2க்கு வந்துவிடுவேன். பிரேக்கை மென்மையாகத் தொடர்ந்து தேய்த்துக்கொண்டு இறங்கக் கூடாது. அழுத்தி மிதித்துக் குறைத்து, காலை எடுத்து ஆறவிட வேண்டும். நானுஓயா ரதெல்ல குறுக்கு வீதியில், 2023 ஜனவரியில் ஏழு பேர் உயிர்விட்ட அந்தச் சரிவில், லீவரை எல்லில், அதாவது முதல் கியரில், போட்டு மட்டும்தான் இறங்குவேன். பின்னால் ஹோர்ன் அடிப்பவர்கள் அடிக்கட்டும். மழை நாளில் ஒன்று கவனம்: வேகத்தில் திடீரென்று எல்லுக்கு இழுத்தால் முன் சக்கரம் வழுக்கலாம். முப்பதுக்குக் கீழே வந்த பிறகு இழுங்கள்.

எஞ்சின் இரைகிறதே, உடைந்துவிடாதா, எண்ணெய் குடிக்காதா என்று பலர் கேட்கிறார்கள். சிவப்புக் கோட்டுக்குக் கீழே இருக்கிற வரை எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெயோ குடிக்கவே குடிக்காது. அக்சிலேட்டரிலிருந்து கால் முழுதாக எடுபட்டு, கியரில் வாகனம் உருளும்போது, இன்ஜெக்டர் பெற்றோலை முற்றாக நிறுத்திவிடும். சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருக்கும். 2022 இல் கியூஆர் கோட்டோடு வரிசையில் நின்று, வாரத்துக்கு 20 லீற்றரை வைத்து ஓட்டிய காலத்தில், பெற்றோல் மிச்சம் பிடிக்கவென்று எத்தனை பேர் நியூட்ரலில் போட்டு இறங்கினார்கள். எனக்குத் தெரிந்த இரண்டு ஆசிரியர்களே அப்படிச் செய்தார்கள். நியூட்ரலில் எஞ்சின் அணையாமல் இருக்க ஐட்லில் பெற்றோல் ஊற்றிக்கொண்டேதான் இருக்க வேண்டும். கியரில் இறங்கினால் அந்தச் சொட்டும் மிச்சம். பிடியையும் இழந்து பெற்றோலையும் செலவழித்தார்கள். விளக்கிச் சொன்னேன். ஒருவர் கேட்டுக்கொண்டார்.

இனி அந்த நடுரோட்டுக் கதை.

2023 நவம்பர், நல்ல மழை. கம்பளையிலிருந்து திரும்பி வருகிறேன். தவலந்தென்னைச் சந்தியைத் தாண்டி, இறம்பொடைச் சுரங்கத்துக்கு முன்னால் ஏற்றத்தில் ஒரு பஸ் நிறுத்தியது. நானும் நிறுத்தினேன். பஸ் போனது. என் வாகனம் நகரவில்லை. அக்சிலேட்டரை மிதித்தால் எஞ்சின் முனகுகிறது, வாகனம் அங்குலம் அங்குலமாக ஊர்ந்து நிற்கிறது. மீட்டரில் ஓவர்டிரைவ் விளக்கு மின்னிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் எரிந்த ஒயில் வாசனை வேறு. ஓரமாக விட்டு, ஹஸாட் விளக்குப் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு, கம்பளையில் எனக்குத் தெரிந்த கராஜ்காரர் ஒருவருக்கு, நான் நானா என்று கூப்பிடுகிறவருக்கு, கோல் எடுத்தேன்.

"நானா, ஏத்தத்துல நின்னுடுச்சு. டீல நகரவே மாட்டேங்குது."

"ஓவர்டிரைவ் லைட் மின்னுதா?"

"மின்னுது."

"ரிவர்ஸ் பிடிக்குதா? ஒரு அடி மட்டும் பாருங்க."

பார்த்தேன். பிடித்தது.

"அப்ப பெட்டிக்கு ஒன்டும் இல்ல, பயப்படாதீங்க தம்பி. சொலனொயிட்டுக்குக் கரண்ட் போகல. டீல போட்டா நாலாம் கியர்தான் விழும். அதுல ஏத்தம் ஏறுமா? எல்ல போட்டு எடுங்க. ரெண்டுல வேணாம், அது இப்ப மூனாம் கியர். சமதரை வந்து ஓட்டம் பிடிச்சா மட்டும் ரெண்டுக்கு மாத்துங்க."

எல் போட்டேன். ஒன்றுமே நடக்காதது போல வாகனம் ஏறியது. அந்த நிமிசத்தில்தான் எனக்கு விளங்கியது, லீவர் வெறும் பொத்தான் அல்ல என்று. பெட்டிக்குள் ஒயில் பாதையைத் திறக்கிற வால்வோடு கேபிளால் நேரே இணைந்திருக்கிறது அது. கம்பியூட்டர் கைவிட்டாலும் எல்லில் முதல் கியரும், 2இல் மூன்றாம் கியரும், டியில் நான்காம் கியரும், ரிவர்ஸும் கிடைக்கும்படி பெட்டியைச் செய்தவர்கள் யோசித்து வைத்திருக்கிறார்கள். எல்லாப் பெட்டியும் இப்படி நடந்துகொள்ளாது. சில பெட்டிகள் டியில் மூன்றாம் கியரில் பூட்டிக்கொள்ளும். கம்பியூட்டர் கைவிட்டால் உங்கள் வாகனத்தின் பெட்டி எந்த லீவரில் எந்தக் கியர் தரும் என்பதைத் தெரிந்த ஒருவரிடம் இன்றைக்கே கேட்டு வையுங்கள். இரவில், மழையில், பிள்ளைகளை வைத்துக்கொண்டு கேட்க முடியாது. அன்று இருபத்தைந்துக்கு மேல் போகாமல், இரண்டு இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு, இருட்டும்போது வீடு வந்து சேர்ந்தேன்.

மறுநாள் பக்கத்து டவுனில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனேன். பொனட்டைக்கூடத் திறக்காமல், பெட்டி முடிந்துவிட்டது, வேறு பெட்டி போட வேண்டும், இரண்டரை இலட்சம் ஆகும் என்றார்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய பிறகு பழைய வாகனத்துக்கும் அதன் சாமானுக்கும் இருந்த விலையை நினைத்தால் அந்தத் தொகை எனக்கு ஆச்சரியமாக இல்லை. ஆனால் ரிவர்ஸ் பிடித்தது, எல் பிடித்தது, அப்படியிருக்க எப்படி முடிந்துபோகும்? எல்லிலேயே மெதுவாக இறங்கிக் கம்பளைக்குப் போனேன்.

நானா செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த சோதனைப் பெட்டியின் மூடியைத் திறந்து, ஒரு துண்டு வயரை வளைத்து இரண்டு ஓட்டைகளில் செருகினார். சாவியைத் திருப்பச் சொன்னார். ஓவர்டிரைவ் விளக்கு ஆறு முறை மின்னி, சற்று நின்று, இரண்டு முறை மின்னியது. பிறகு ஆறு, மூன்று. "62, 63. முதலாவது சொலனொயிட், ரெண்டாவது சொலனொயிட்" என்றார். "ரெண்டும் ஒரே நாள்ல சாகாது. வயர்லதான் கோளாறு." கீழே படுத்து, பெட்டியின் பக்கத்திலிருந்த வயர் சொக்கெட்டைக் கழற்றி, பெட்டிப் பக்க முனைகளில் மீட்டரை வைத்தார். இரண்டும் 13 ஓம். 11க்கும் 15க்கும் இடையில் இருந்தால் சொலனொயிட் நல்லது. பிறகு சொக்கெட்டை என்னிடம் தந்தார். ஊசிகளில் பச்சைக் களிம்பு, பழைய செம்புக் குடத்தின் அடியில் பிடிப்பது போல. ரப்பர் வளையம் வெடித்திருந்தது. சேர்விஸுக்குப் போடும்போதெல்லாம் அடியில் பிரெஷர் தண்ணீர் அடிக்கச் சொன்னது நான்தான். பல் துலக்கும் பிரஷும் கிளீனர் ஸ்பிரேயும் வைத்துத் தேய்த்து, கிரீஸ் தடவி, புது ரப்பர் போட்டு மாட்டினார். 3500 ரூபா.

குறியீடு சொலனொயிட்டின் பெயரைச் சொன்னால் சொலனொயிட் பழுது என்று பொருளில்லை, அதற்குப் போகும் மின்பாதையில் எங்கோ தடை என்றுதான் பொருள். புதிய வாகனங்களில் ஸ்கேனர் மாட்டினால் பி0750, பி0755 என்று வரும். அங்கேயும் இதே கதைதான். பெட்டியை இறக்கச் சொல்கிறவரிடம் முதலில் கேளுங்கள்: குறியீடு என்ன, மீட்டர் வைத்துப் பார்த்தீர்களா, சொக்கெட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா?

ஏற்றத்தில் வந்த எரிந்த வாசனை நானாவை யோசிக்க வைத்தது. ஒயில் குச்சியை இழுத்து வெள்ளைத் துணியில் துடைத்துக் காட்டினார். சிவப்பாக இருக்க வேண்டியது பிளேன் டீ நிறத்தில் இருந்தது. வடித்தால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் வெளியே வரும், மிச்சம் டோர்க் கொன்வேட்டருக்குள் தங்கிவிடும். ஆகவே இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாக மூன்று தடவை வடித்து ஊற்றினோம். இந்த ஒயிலில் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி வகை உண்டு. கியர் படிகளே இல்லாத சிவீடி பெட்டிக்குரியதும் இதுவும் ஒன்றல்ல. கடையில் இருக்கிறதை ஊற்றாமல் வாகனத்தின் கையேட்டில் இருக்கிறதை ஊற்றுங்கள். அதேபோல் ரேடியேட்டருக்கு ஓடைத் தண்ணீர் வேண்டாம். பல வாகனங்களில் கியர் ஒயில் ஆறுகிற குழாய் ரேடியேட்டருக்குள்தான் இருக்கிறது. அது துருப்பிடித்து ஓட்டையானால் தண்ணீர் பெட்டிக்குள் போய்விடும். ஒயில் பால் கலந்த ரோஸ் நிறத்தில் வந்தால் அதற்குமேல் ஓட்டவே கூடாது.

ஒயில் அளவு பார்ப்பதில் மலைநாட்டுக்காரருக்கு ஒரு சங்கடம் உண்டு. எஞ்சின் சூடாக ஓடும்போது, லீவரை எல்லா இடத்துக்கும் ஒருமுறை கொண்டுபோய் பார்க்கில் (P) வைத்து, சமதரையில் குச்சியை இழுக்க வேண்டும். எங்கள் லயத்துப் பாதையில் சமதரை எங்கே இருக்கிறது? வீட்டு வாசலில் பார்த்துப் பார்த்து அளவு குறைகிறது என்று நான் இரண்டு தடவை அதிகமாக ஊற்றியிருக்கிறேன். அதிகமானாலும் ஒயில் நுரைத்து அழுத்தம் போய்விடும். இப்போது தொழிற்சாலையில் கொழுந்து நிறுக்கிற முற்றத்தில் நிறுத்தித்தான் பார்க்கிறேன். காவலுக்கு இருக்கிற அண்ணன் என்னைக் கண்டதும் கேட்டைத் திறந்துவிடுவார்.

ஹைபிரிட் வாங்கிய தங்கச்சிக்கும் இதையே சொன்னேன். அவளுடைய வாகனத்தில் எல் இல்லை, பி (B) என்று எழுதியிருக்கிறது, ஆங்கிலத்தில் பிரேக்குக்கு வருகிற முதலெழுத்து. நீண்ட இறக்கத்தில் பற்றரி நிரம்பிவிட்டால் மோட்டாரால் அதற்குமேல் பிடிக்க முடியாது. பியில் போட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும். வாங்கி ஒன்றரை வருசம் அவள் அந்த எழுத்தைத் தொட்டதே இல்லை. பதுளைக்குப் போகும் நாளில் ஹக்கலையிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினேன்.

சொக்கெட்டை வருசத்துக்கு ஒருமுறை மழைக்கு முன்னால் கழற்றிப் பார்க்கிறேன். களிம்பு திரும்ப வரவில்லை. வேக சென்சருக்குப் பக்கத்தில் மட்டும் லேசாக ஒயில் கசிகிறது. டிசம்பர் விடுமுறையில் கம்பளைக்குக் கொண்டுபோக வேண்டும். அப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார்.